இருப்புக் கணக்கு மட்டும் போதுமா?

சங்கக் கட்டிடத்து அலமாரியில் எத்தனையோ ஏடுகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு இல்லையேல் சங்கமே இல்லை. ஒன்று இருப்பேடு, மற்றொன்று தேவைப் பட்டியல். கிடங்கில் எவ்வளவு நூல் இருக்கிறது என்பதை முன்னது சொல்லும். எந்தத் தறிக்கு, எந்த நம்பர் நூல், எந்த வாரத்தில் வேண்டும் என்பதைப் பின்னது சொல்லும். வண்டி நிறைய நூல் வந்து இறங்கினாலும், தறியில் ஏறியிருக்கும் பாவுக்கு ஏற்ற ஊடை நூல் அதில் இல்லையென்றால் நெசவாளியின் கை சும்மாதான் இருக்கும். விவசாயியின் நிலையும் இதுவே. கார் பருவத்தில் மேலுரம் இட வேண்டிய வாரத்தில் வராத யூரியா, கதிர் முற்றிய பிறகு மலைபோல் வந்து குவிந்து என்ன பயன்? சரக்கு வந்தது என்பது பாதிக் கணக்கு. வேண்டியவனுக்கு வேண்டிய வேளையில் சேர்ந்தது என்பதே முழுக் கணக்கு.

நம் அங்கத்தினர்களுக்கு இது புதிய பாடம் அன்று. ஆயினும் இந்த எளிய பாடம் ஒரு பெரிய காரியத்தில் மறக்கப்பட்டதை 2021ஆம் ஆண்டில் நாம் அனைவரும் கண்டோம். கொரோனாக் கொள்ளைநோய்க்கு எதிரான தடுப்பூசி விநியோகத்தையே குறிப்பிடுகிறேன். நோய் தணிந்துவிட்டது, மக்களும் மறந்துவிட்டார்கள். மறக்கும் காலமே கணக்குப் பார்க்க உகந்த காலம். நெருப்புப் பற்றிய பிறகு கிணறு வெட்டுவதில் பயனில்லை அன்றோ?

முதலில் நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். இந்தியாவில் தடுப்பூசி இடும் பணி 2021 ஜனவரி 16ஆம் நாள் மருத்துவப் பணியாளர்களுக்கென்று தொடங்கிற்று. மார்ச் முதல் நாள் 60 வயது கடந்தவர்களுக்கும், பிற நோயுள்ள 45 வயது கடந்தவர்களுக்கும் விரிந்தது. ஏப்ரல் முதல் நாள் 45 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும், மே முதல் நாள் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் என்று கதவு அகலத் திறந்தது. கதவு திறந்த வேகத்தில் மருந்து வரவில்லை. ஆனால் அதற்கு முந்திய மாதங்களில் நிகழ்ந்தது இதற்கு நேர் எதிர்: மருந்து இருந்தது; மக்கள் வரவில்லை.

இந்த இரு நிலைகளையும் இரண்டு எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 2021 ஏப்ரல் 11ஆம் நாள் வரையுள்ள கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாகப் பெற்றபோது, தடுப்பூசிச் சேதாரத்தில் தமிழ்நாடே நாட்டின் முதலிடத்தில் நின்றது. சேதாரம் 12.10 விழுக்காடு. அதே தமிழ்நாடு, மே முதல் நாளிலிருந்து ஜூலை 13ஆம் நாள் வரையுள்ள காலத்தில், தனக்கு வந்த மருந்தைக்கொண்டு கணக்கிட்டதைவிட 5 இலட்சத்து 88 ஆயிரம் டோஸ் கூடுதலாக இட்டு, சிக்கனத்திலும் நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. மூன்று மாதங்களில் கடைசி மாணவன் முதல் மாணவனான விந்தை இது!

இதன் காரணம் என்ன? ஏப்ரலில் நம் செவிலியர்கள் கவனமற்றவர்களாக இருந்து, ஜூனில் திடீரென்று கைத்திறன் பெற்றுவிட்டார்களா? இல்லை. காரணம் குப்பியில் இருக்கிறது. கோவிஷீல்டு மருந்து 10 பேருக்குரிய குப்பியில் வந்தது. திறந்த நான்கு மணி நேரத்திற்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும். கோவாக்சின் தொடக்கத்தில் 20 பேருக்குரிய குப்பியாகவே வந்தது. சுகாதார நிலையத்திற்கு ஆறு பேர் மட்டுமே வந்தால், குப்பியைத் திறந்த செவிலியர் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அறுபது பேர் வரிசையில் நின்றால் ஒரு துளியும் வீணாகாது. குப்பியில் பத்துக்கு மேல் சற்றுக் கூடுதலாக நிரப்பப்பட்டிருக்கும் மருந்திலிருந்து பதினோராவது ஆளுக்கும் ஊசி இட்டுவிடலாம். ஆகவே சேதாரம் என்ற எண், செவிலியரின் கைத்திறனை அளந்ததைவிட, வாசலில் நின்ற கூட்டத்தையே மிகுதியாக அளந்தது. தேவை எங்கே, எவ்வளவு, எந்த நாளில் என்று முன்கூட்டி அறியாததன் விலையே அந்த 12 விழுக்காடு.

தேவை என்பது நிலையான பொருளும் அன்று. 2021 ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் தடுப்பூசி இட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். பின்னர் மத்திய நிபுணர் குழு ஆராய்ந்து அம்மரணத்திற்குத் தடுப்பூசி காரணமன்று என்று கூறிற்று. ஆனால் அந்த முடிவு வந்தது அவ்வாண்டு அக்டோபரில். இடைப்பட்ட நாட்களில் அச்சம் ஊர் ஊராக நடந்தது. அச்சமுற்ற ஊர் எது, ஆவலோடு காத்திருந்த ஊர் எது என்பதை எந்தக் கிடங்கின் இருப்பேடும் சொல்லவில்லை. மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சம் தொட்டு, 21ஆம் நாள் ஒன்றில் மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு நோய் உறுதியான பிறகு, அதே மக்கள் ஊசி தேடி அலைந்தார்கள். அப்பொழுது மருந்து இல்லை. மாநில அரசாங்கம் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரிப் பார்த்தது, ஒருவரும் முன்வரவில்லை. ஜூன் தொடக்கத்தில் பல இடங்களில் கையிருப்பு தீர்ந்து, ஊசி இடும் பணியே சில நாட்கள் நின்றுவிட்டது.

மருந்தைக் கண்காணிக்க ஏற்பாடே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. குளிர்பதனக் கிடங்குகளில் இருப்பையும் வெப்பநிலையையும் கைபேசி வாயிலாகப் பதிவு செய்யும் ‘ஈவின்’ என்னும் ஏற்பாடு, கொள்ளைநோய்க்குச் சில ஆண்டுகள் முன்பே ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நாட்டில் தொடங்கப்பட்டிருந்தது. 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டிய மருந்து, எந்தப் பெட்டியில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை அது காட்டிற்று. அதன்மேல் எழுப்பப்பட்ட ‘கோவின்’ தளம் ஊசி இட்டவர் ஒவ்வொருவரையும் பதிந்து சான்றிதழ் தந்தது. 2021 அக்டோபர் 21ஆம் நாள் 100 கோடி டோஸ், 2022 ஜூலை 17ஆம் நாள் 200 கோடி டோஸ் என்று எண்ணிச் சொல்ல முடிந்ததே இந்த ஏற்பாடுகளால்தான். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்.

ஆனால் இவ்விரண்டும் எதை எண்ணின? ஒன்று கிடங்கிலுள்ள குப்பியை எண்ணிற்று. மற்றொன்று ஊசி இட்ட கையை எண்ணிற்று. ஊசிக்காகக் காத்திருந்து திரும்பிய காலை எண்ணுவார் இல்லை. ‘தேவை’ என்று அத்தளம் அறிந்ததெல்லாம், கைபேசியில் பதிந்து நேரம் குறித்துக்கொண்டவர்களின் தொகையே. மே மாதத்தில் 18 முதல் 44 வயதினர்க்கு அப்படிப் பதிவது கட்டாயமாகவும் இருந்தது. தளமோ முதலில் ஆங்கிலத்தில் இயங்கிற்று. ஜூன் முதல் வாரத்தில் இந்திய மொழிகள் பல சேர்க்கப்பட்டபோதும் தமிழ் உடனே இடம்பெறவில்லை. குறையை எடுத்துரைத்த பிறகே சேர்ந்தது. கைபேசியும் கல்வியும் இல்லாதவர்களின் கதி என்ன என்று மே 31ஆம் நாள் உச்ச நீதிமன்றமே தன் ஆணையில் வினவிற்று. நேரில் சென்று பதியும் வழியும் திறக்கப்பட்டது. ஆயினும் அதற்குள் நகரத்து விரல்கள் கிராமத்து வரிசையை முந்திவிட்டன.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஓர் ஊரை வைத்து இதை எண்ணிப் பார்ப்போம். 2019 நவம்பரில் பிறந்த புதிய மாவட்டம் நம்முடையது. சென்னையிலுள்ள மாநிலக் கிடங்கிலிருந்து மண்டலக் கிடங்கு, அங்கிருந்து மாவட்டம், அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையம் என்று மருந்து படிப்படியாக இறங்கி வர வேண்டும். எந்தப் படியில் எவ்வளவு நின்றது, நாளைக் காலை நம் நிலையத்திற்கு வரப்போவது எத்தனை குப்பி என்பதை வரிசையில் நிற்கும் ஒருவர் எப்படி அறிவார்? தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளிக்கு அன்றைய கூலி போயிற்று. எலுமிச்சை பறிப்பை விட்டு வந்த புளியங்குடிக்காரரும், காய்கறி மூட்டையைச் சந்தையில் பிறர் பொறுப்பில் விட்டு வந்த பாவூர்ச்சத்திரத்துக்காரரும் அவ்வாறே. ‘இன்று தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள்’ என்ற ஒரு சொல்லுக்கு ஏழை செலுத்தும் விலை ஒரு நாள் உழைப்பு. இருமுறை அப்படித் திரும்பியவர் மூன்றாம் முறை வருவாரா? வராதவரை ‘ஆர்வமில்லாதவர்’ என்று ஏட்டில் எழுதிவிடுவது எவ்வளவு எளிது! சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிகளில் நீராட இரண்டு ஆண்டுகள் தடை இருந்ததால், அந்த வருமானத்தை நம்பியிருந்த குடும்பங்கள் ஏற்கெனவே நொடிந்திருந்தன என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஜூன் 21ஆம் நாள் முதல், உற்பத்தியில் 75 விழுக்காட்டை மத்திய அரசாங்கமே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கிற்று. எஞ்சிய 25 விழுக்காடு தனியார் மருத்துவமனைகளுக்கு. மாநிலங்களின் பங்கு, மக்கள்தொகை, நோயின் கடுமை, ஊசி இட்ட முன்னேற்றம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்பட்டது. சேதாரம் மிகுந்தால் பங்கு குறையும் என்றும் விதிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் இவ்விதி கடைசிப் படியில் எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். நாலு பேர் மட்டும் வந்திருக்கும் சிற்றூரில், குப்பியைத் திறந்தால் ஆறு டோஸ் சேதாரம். சேதாரத்திற்கு விளக்கம் எழுத வேண்டும். திறக்காமல் நால்வரையும் ‘பத்துப் பேர் சேரட்டும்’ என்று அனுப்பிவிட்டால் ஏடு மாசற்றிருக்கும். அந்த நால்வரில் ஒருவர் முதியவராக இருந்து அடுத்த வாரம் நோயுற்றால், அந்தச் சேதாரம் எந்த ஏட்டில் ஏறும்? மருந்தின் சேதாரத்தை மட்டும் எண்ணி மனிதரின் சேதாரத்தை எண்ணாத கணக்கு, கணக்காகுமா? மறுபுறம், தனியாருக்கென்று ஒதுக்கிய மருந்து போதிய அளவு பயன்படவில்லை என்று கூறி, அரசுக்கு 90, தனியாருக்கு 10 என்று பங்கை மாற்றுமாறு தமிழ்நாடு 2021 ஜூலையில் கேட்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்குவோர் இத்தனை பேர் என்று ஊகித்ததும் தேவையை அறியாததன் விளைவே.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறை அன்று. ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாடு 2021 மே மாதத்தில், காலாவதியான ஏறத்தாழ 20,000 டோஸ் தடுப்பூசியைத் தீயிலிட்டு எரித்தது. அங்கே தேவை இல்லாமலில்லை; காலாவதி நெருங்கிய பிறகே மருந்து வந்து சேர்ந்தது; மக்களிடத்தில் ஐயமும் நிலவிற்று. நம் நாட்டிலோ, 2021 ஜூனில் ஒரு குப்பிக்கு ஏங்கிய நிலை மாறி, அவ்வாண்டு டிசம்பரிலேயே கோவிஷீல்டு உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 10 கோடி டோஸ் காலாவதியாகிவிட்டதாக அதனைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் 2022 அக்டோபரில் தெரிவித்தார். ஆறு மாத இடைவெளியில் பஞ்சமும் மிகையும்! ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் பெரியோர்கள். அளந்தது உண்மைதான், ஆனால் அளந்தது போடுகிற பொருளை மட்டுமே.

தேவையை முதலில் தேடியவர்கள் கண்ட வெற்றியையும் சொல்ல வேண்டும். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை தோன்றியபோது, எல்லோருக்கும் அம்மை குத்தப் போதிய மருந்து கையில் இல்லை. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியும் அவருடைய துணைவர்களும் அப்பகுதியின் சமயத் தொண்டர்களிடம் இருந்த வானொலிக் கருவிகளின் வாயிலாக, எந்த ஊரில் அம்மை கண்டிருக்கிறது என்று ஆளனுப்பி விசாரிக்கச் சொன்னார்கள். கண்ட ஊரிலும் அதைச் சுற்றிய இடங்களிலும் மட்டும் குத்தினார்கள். குறைந்த மருந்தில் நோய் நின்றது. அதே முறையில் நம் நாட்டிலும் வீடு வீடாகத் தேடி, 1975இல் பெரியம்மையை ஒழித்தார்கள். 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பற்றாக்குறை வந்தபோது அவர்கள் மேலும் மருந்து கேட்டு மட்டும் நிற்கவில்லை. தேவை இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றார்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2021 செப்டம்பர் 12ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் சுமார் 40,000 முகாம்கள் நடத்தி, ஒரே நாளில் 28 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு ஊசி இட்டார்கள். மக்களை நிலையத்திற்கு அழைப்பதை விட்டு, நிலையம் மக்களிடம் சென்றது. அதுவும் உழைப்பவருக்கு ஓய்வுள்ள நாளில் சென்றது. ‘ஆர்வமில்லாதவர்’ என்று எழுதப்பட்ட பலர் அன்று கை நீட்டினார்கள். அவர்களிடம் இல்லாதிருந்தது ஆர்வம் அன்று, அவகாசமே.

இப்பொழுது கூட்டுறவாளர்களாகிய நம் பொறுப்புக்கு வருகிறேன். அதே 2021 மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டில் மற்றொரு விநியோகமும் நடந்தது. கொரோனா நிவாரணத் தொகை 4,000 ரூபாய், இரண்டு தவணைகளாக, 2 கோடியே 7 இலட்சம் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு நியாய விலைக் கடைகளின் வாயிலாக வழங்கப்பட்டது. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவை நம் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. வீடு வீடாக டோக்கன் சென்றது. நாளும் நேரமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. குறித்த நேரத்தில் வந்தவர் பெற்றுச் சென்றார். மக்களும் அதே மக்கள், மாதமும் அதே மாதம். ஓரிடத்தில் ஒழுங்கும் மற்றோரிடத்தில் அலைச்சலும் ஏன்? முதலாவதில் தேவைப் பட்டியல் முன்பே கையில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. பணம் எத்தனை பேருக்கும் அச்சாகும், மருந்து அப்படிப் பெருகாது என்று ஒருவர் கூறலாம். உண்மையே. ஆனால் பற்றாக்குறையான பொருளுக்கன்றோ டோக்கன் அதிகம் வேண்டும்?

ஆகவே என் யோசனை இது. அடுத்த கொள்ளைநோய் வருமா என்பது ஐயமன்று. எப்பொழுது என்பதே ஐயம். அதற்கு முன்பாக ஒவ்வொரு நெசவாளர் சங்கமும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும் தன் அங்கத்தினர் குடும்பங்களைக் குறித்து மூன்று செய்திகளை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வைத்திருக்க வேண்டும். வயது வாரியாக எத்தனை பேர். நடக்க இயலாதவரும் நாட்பட்ட நோயுள்ளவரும் எத்தனை பேர். எந்த நாள், எந்த நேரம் அவர்களுக்கு வசதி. நூலுக்கும் உரத்திற்கும் தேவைப் பட்டியல் அனுப்புவது போல இதன் தொகையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவிட்டால், செவிலியர் எத்தனை குப்பி கேட்பது, எந்த ஊரில் எந்த நாளில் திறப்பது என்று முடிவு செய்ய இயலும். நாலு பேருள்ள சிற்றூரையும் ஆறு பேருள்ள அடுத்த சிற்றூரையும் ஒரே நாளில் சேர்த்தால் ஒரு குப்பி சரியாகிவிடும்.

இதற்கு ஈடாக நாம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. நம் நிலையத்திற்கு இன்று வந்தது எவ்வளவு, இட்டது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று அன்றாடம் வாசற் பலகையில் எழுத வேண்டும். 2021 ஜூன் 4ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், இருப்பு, வெப்பநிலை பற்றிய ஈவின் விவரங்களை அனுமதியின்றி வெளியிட வேண்டாம் என்று கூறிற்று. வணிக நிறுவனங்கள் அவ்விவரத்தைத் தவறாகப் பயன்படுத்தலாகாது என்பதே நோக்கம் என்று விளக்கமும் தந்தது. அந்த அச்சத்தை மதிக்கலாம். ஆயினும் ஊர்ப் பலகையில் எழுதும் பத்துக் குப்பிக் கணக்கால் எந்த வணிகன் என்ன ஆதாயம் அடைவான்? நியாய விலைக் கடையில் அரிசி இருப்பைப் பலகையில் எழுதுகிறோமே, அதனால் என்ன கெட்டுவிட்டது?

‘இருப்பை எழுதினால் கூட்டம் முண்டும்’ என்பது ஓர் ஆட்சேபம். கூட்டம் முண்டுவது அறிந்ததனால் அன்று, அறியாததனாலேயே. வருவது உறுதி என்று தெரிந்தவன் முண்டுவதில்லை. ‘பட்டியலில் உள்ளவர்களின் அந்தரங்கம் என்னாவது’ என்பது மற்றோர் ஆட்சேபம். இது மெய்யாகவே கனமானது. 2023 ஜூனில் கோவின் பதிவுகளிலுள்ள சொந்த விவரங்கள் டெலிகிராமில் வெளிவருவதாகச் செய்தி எழுந்தது, அமைச்சகம் தளம் பாதுகாப்பானது என்று மறுத்தது, ஆராயவும் சொன்னது. ஆகவே பெயரும் நோயும் சங்கத்து ஏட்டோடு நிற்கட்டும். மேலே செல்வது எண்ணிக்கை மட்டுமாக இருக்கட்டும். அங்கத்தினரின் கடன் கணக்கை ஊரறியச் சொல்லாத சங்கம், அவருடைய நோயையும் காத்துக்கொள்ளும். அங்கத்தினர் அல்லாத குடும்பங்களை விட்டுவிடலாமா என்றும் கேட்கலாம். கூடாது. ஊராட்சியோடும் மகளிர் சுய உதவிக் குழுக்களோடும் சேர்ந்து செய்தால் எவரும் விடுபடமாட்டார்.

‘இது சுகாதார இலாகாவின் வேலை, சங்கத்திற்கு எதற்கு’ என்பார் சிலர். ஊசி இடுவது அவர்கள் வேலை. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்வது நம் வேலை. ஒருவருக்கொருவர் ஈடு நின்று கடன் பெறக் கற்ற நாம், ஒருவருக்கொருவர் ஈடு நின்று உயிர் காக்கக் கற்பது பெரிய காரியமன்று.

அடுத்து வரும் பொதுப் பேரவைக் கூட்டத்தில், ஆண்டறிக்கையும் வரவு செலவும் நிறைவேறிய பிறகு, பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரையும் அங்கத்தினரையும் வேண்டுகிறேன். ஒரு தீர்மானம், ஒரு ஏடு, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் வேலை. செலவு இவ்வளவே. இதற்குச் சென்னையின் உத்தரவோ தில்லியின் அனுமதியோ தேவையில்லை. மருந்து வரும்போது வரட்டும். யாருக்கு எங்கே வேண்டும் என்ற கணக்கு அதற்கு முன்பே நம் அலமாரியில் காத்திருக்கட்டும்.